இருபது கிலோமீட்டருக்குள்

வேலந்தாவளத்தில் சாவடிக்கு நாலு கடை தள்ளி
என் ஜெராக்ஸ் கடை.
ஆள் வராத மத்தியானங்களில்
பழைய கணினி என்று கைப்பேசியில் தட்டி
தூரம் இருபது கிலோமீட்டர் என்று வைப்பேன்.
அது ஒரு வட்டம் போடும்.
பாதி தமிழ்நாட்டில், பாதி கேரளத்தில்,
நடுவே நான், டோனர் படிந்த விரல்களோடு.

கிழக்குப் பாதியில் வருவதெல்லாம் மில் ஆபீஸ் சரக்கு.
ஊசியால் குத்திக் குத்தி எழுதும் பிரிண்டர்,
பச்சை எழுத்துத் திரை,
சம்பளப் பட்டியலைத் தவிர வேறெதுவும் பார்க்காத வட்டுகள்.
மூடியைக் கழற்றினால் உள்ளே பஞ்சு,
விசிறியைச் சுற்றிக் குருவிக்கூடு மாதிரி.
ஊதினால் தும்மல் வரும்.
ஆனால் துரு இருக்காது. கணவாய்க் காற்று அப்படி.

கஞ்சிக்கோட்டில் கம்பெனிகள் ஏலம் விடும், டன் கணக்கில்.
"ஒண்ணே ஒண்ணு போதும்" என்றேன் ஒரு தடவை.
காவலாளி கேட்டார்: "ஒரு டன்னா?"

மதுரைக்காரி பொற்கொடி
ஒரு விசைப்பலகைகூட அகப்படவில்லை என்கிறாள்.
பெங்களூரில் அகப்படும்.
அங்கே அதன் மேலிருக்கும் தூசிக்கும் விலை உண்டு.

ஆக்கர் கடை காசா மைதீன் எதையும் எடை போட்டுத்தான் பேசுவார்.
"மேக்கே வாங்குனா துரு, கெழக்கே வாங்குனா பஞ்சு.
ஆனா மேக்கே இருக்கறது
கப்பல் ஏறி வந்ததுல்ல, டீச்சர்."
நான் டீச்சர் இல்லை.
கண்ணாடி போட்டவர்களை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவருடைய லாரிக்காரர்தான் பட்டாம்பி வீட்டைச் சொன்னார்.
எழுபது கிலோமீட்டர். வட்டத்துக்கு வெளியே.
மூன்று பஸ் மாறினேன்.
பாலக்காடு தாண்டியதும் ஜன்னலில் மழை.

ருக்கியாத்தா மச்சிலிருந்து இறக்கித் தந்தார்.
புலிப்படம் போட்ட கம்பளியில் சுற்றி,
மேலே ஒரு பிளாஸ்டிக் உறை,
அதற்கும் மேலே இன்னொன்று.
விசைகளில் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் அரபி எழுத்து.
ஹம்சாக்கா சார்ஜாவில் டிவி கடையில் நின்ற காலத்தில்
மகனுக்கு வாங்கி வந்தது.
மகன் இப்போது அதே சார்ஜாவில்.
"எண்ணூறு குடு. கேசட் சும்மா எடுத்துக்க."
அடித்தட்டில் மட்டும் துரு,
கைவிரல் அகலத்துக்கு.

ராத்திரி கடை ஷட்டரை இறக்கிவிட்டு
டேப் ரிக்கார்டரில் கேசட்டைச் செருகினேன்.
கீ... என்று கத்தியது.
இந்தக் கத்தலைத்தான் கணினி விளையாட்டாகப் படிக்கும்.
திரையில் கோடுகள், ஒரு மலை, மலையில் பாதி.
பிறகு கத்தல் நின்று ஒரு ஆண் குரல்:
"கேட்டோ ருக்கியா, ஓடு வேண்டா. கான்கிரீட் மதி.
சிமெண்டினு எத்ரயா இப்போ?"
இருமல்.
தூரத்தில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.
கணினி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது,
பிறகு பிழை என்று ஒரு வரி எழுதி நின்றுவிட்டது.
மலையாளம் அதற்குத் தெரியாது.

காலையில் போன் போட்டேன்.
சிரித்தார்.
"நாப்பது கேசட் வச்சிருக்கேன். எல்லாத்துலயும் சிமெண்டு வெலதான்."
கொஞ்சம் விட்டுக் கேட்டார்:
"இதுல இருமுறாரா?"
ஆமாம் என்றேன்.
"அப்போ அது எம்பத்தெட்டு.
பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்துவிடு. கேசட் மட்டும்."

சோப்புக் கவரில் போட்டுப் பேர் எழுதிக் கொடுத்தேன்.
மேசையில் கணினி இருக்கிறது,
பாதி மலையோடு.

மீதி மலை வேறெங்காவது ஒரு மச்சில் இருக்கலாம்,
யாரும் மேலே பேசாத கேசட்டில்.
தூரத்தை நூற்றைம்பது என்று மாற்றினேன்.
வட்டத்தின் மேற்கு ஓரம்
பொன்னானி தாண்டிக் கடலில் இறங்கியது.
அந்தப் பக்கம்
விற்பனைக்கு ஒன்றும் இல்லை என்கிறது கைப்பேசி.